கொட்டாங்குச்சியில் ஒரு எஞ்சின்

சாணக்யபுரிக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகப் போகிறது. வங்கிக்காரன் ஜாதகத்தில் மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் என்று எழுதியிருக்கும் போல. ஈரோட்டில் ஆரம்பித்து, நாக்பூர், ராஞ்சி எல்லாம் சுற்றி, நாற்பத்தி நாலு வயசில் டெல்லி. சாயங்காலம் வேலை முடிந்ததும் சாந்திபத்தில் கொஞ்ச தூரம் நடப்பேன். அகலமான சாலை, இரண்டு பக்கமும் மரம், மரத்துக்குப் பின்னால் ஒவ்வொரு நாட்டுத் தூதரகம். அதில் நார்வே தூதரகம் வந்தால் மட்டும் என் நடை கொஞ்சம் மெதுவாகிவிடும்.

போன மாதம் ஒரு நாள் ஒன்பதாவது படிக்கும் என் மகளும் கூட வந்தாள். "ஏம்ப்பா இங்கே மட்டும் நின்னு பார்க்கிறீங்க?" என்றாள்.

"தாத்தாகிட்ட ஒரு போட் இருந்துச்சுல்ல, அதுக்குள்ள எஞ்சின் வந்ததுக்கு இவங்களும் ஒரு காரணம்" என்றேன்.

"தாத்தாவுக்கு போட் இருந்துச்சா? நைனிடால்ல இருக்குமே, அது மாதிரியா?"

எங்க அப்பா இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது :-). பாம்பன்காரன் பேத்திக்கு போட் என்றால் ஏரியில் மிதி போட்டு ஓட்டுவது என்று ஆகிவிட்டது. தப்பு அவள் மேல் இல்லை, சொல்லாத என் மேல்தான். அன்று ராத்திரி அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரை விட்டு வந்து பிள்ளைகளை வளர்க்கிற உங்களில் சிலருக்கும் உதவலாம்.

சாணக்கியர் காலத்துப் படகு வாடகை

முதலில் இந்தப் பேட்டையின் பெயருக்கே ஒரு கும்பிடு. சாணக்யபுரியில் கௌடில்ய மார்க் என்று ஒரு சாலையும் உண்டு. அந்தக் கௌடில்யர் பேரில் வழங்கும் அர்த்தசாஸ்திரத்தில், கப்பல்களையும் படகுகளையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரியைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. மீன் பிடிப்பவர்கள் பிடித்ததில் ஆறில் ஒரு பங்கைப் படகுக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். சங்கும் முத்தும் எடுப்பவர்கள் அரசன் படகுக்கு வாடகை கொடுக்கலாம், அல்லது சொந்தப் படகில் போகலாம்.

பி.காம். படித்தவன் கண்ணுக்கு இது நல்ல குத்தகை ஒப்பந்தம். மூலதனம் அரசனுடையது, உழைப்பு மீனவனுடையது. படகு யாருடையது, அதற்கு யார் பணம் போட்டது, வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி இரண்டாயிரம் வருஷமாகக் கடற்கரையை விட்டுப் போகவில்லை. படகுக்குள் எஞ்சின் ஏறியதும் அந்தக் கேள்வி இன்னும் கனமாகிவிட்டது.

1952 அக்டோபர் 17

அன்றுதான் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. நார்வே வேறொரு நாட்டுக்குச் செய்த முதல் வளர்ச்சி உதவித் திட்டம் அது. 1953-ல் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரை, சக்திகுளங்கரை என்ற மீனவ கிராமங்களில் வேலை ஆரம்பித்தது. படகு கட்டும் தளம், எஞ்சின் பட்டறை, ஐஸ் ஆலை, சுகாதார நிலையம், குழாய்த் தண்ணீர் எல்லாம் அந்தத் திட்டத்தில் இருந்தன.

ஏன் நார்வே? அவர்களும் மீன்பிடித்துப் பிழைத்த நாடு. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில்தான் அவர்கள் கரையோரப் படகுகளிலும் எஞ்சின் ஏறியது. தலையில் ஓர் இரும்புக் குமிழ் இருக்கும். அதை ஊதுவிளக்கால் பழுக்கக் காய்ச்சினால்தான் எஞ்சின் கிளம்பும். ஒற்றை சிலிண்டர், 'டொக்கு டொக்கு' என்று நிதானமான ஓட்டம். ஊர்க் கொல்லர்களும் சின்னப் பட்டறைக்காரர்களுமே அதையெல்லாம் செய்யவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டார்கள். தங்களுக்கு நடந்தது இந்தியாவிலும் நடக்கும் என்று நம்பித்தான் வந்தார்கள்.

1960களின் ஆரம்பத்தில் அந்தத் திட்டம் விரிவாகி கண்ணூர், கார்வார், மண்டபம் ஆகிய இடங்களுக்கும் வந்தது. மண்டபம் என்றால் எங்க பாம்பனுக்கு எதிர்க்கரை, பாலத்தைத் தாண்டினால் மண்டபம்தான். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களைத் தடுத்து வைத்திருந்த முகாம் அங்கே இருந்தது. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையமும் 1971 வரை அங்கிருந்துதான் இயங்கியது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. 1972-ல் நார்வேக்காரர்கள் திட்டத்தை முழுவதுமாக இந்திய அரசிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

'உள்ளே' என்று ஓர் இடம் வேண்டுமே

மகள் கேட்ட அடுத்த கேள்வி நல்ல கேள்வி. "இருக்கிற படகிலேயே ஒரு எஞ்சினை வெச்சா முடிஞ்சுதே, இதுக்கு ஏன் இவ்வளவு பெரிய திட்டம்?"

கட்டுமரத்தை நினைத்துப் பாருங்கள். நாலைந்து மரத்தைக் கயிற்றால் கட்டியது. அதற்கு மேல்புறம் உண்டு, அடிப்புறம் உண்டு, 'உள்ளே' என்று ஒன்று கிடையாது. எஞ்சினை எங்கே வைப்பது? வள்ளத்துக்கு உள்ளே இடம் இருக்கிறது. ஆனால் அலையில் ஏற்றி மணலில் இழுத்து நிறுத்துகிற வள்ளத்துக்கு அடியில் தண்டும் விசிறியும் நீட்டிக்கொண்டிருந்தால் முதல் நாளே மணலில் முட்டி உடையும். கயிற்றால் தைத்த வள்ளம் என்றால் எஞ்சின் அதிர்ச்சியில் தையலே விட்டுப் போகும்.

ஆக, எஞ்சின் வந்தால் புதுப் படகு வேண்டும். புதுப் படகை மணலில் ஏற்ற முடியாது, துறைமுகமோ ஜெட்டியோ வேண்டும். ஒரு நாள் பிடிக்கிற மீன் அதிகமாகும், ஐஸ் ஆலை வேண்டும். இவ்வளவுக்கும் பணம் வேண்டும், கடன் வேண்டும். எஞ்சின் தனியாக வரவில்லை, ஒரு சம்சாரத்தையே கூட்டிக்கொண்டு வந்தது.

அலை அடங்கிய பாக் நீரிணையில் அது சுலபமாக ஒட்டிக்கொண்டது. ராமேஸ்வரம், மண்டபம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மல்லிப்பட்டினம், நாகப்பட்டினம் என்று விசைப்படகுகள் பெருகின. அலை அடிக்கும் கரைகளுக்கு வேறு யோசனை தேவைப்பட்டது. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், எஞ்சினை ஒரு தண்ணீர் புகாத பெட்டியில் வைத்து, கரை வரும்போது விசிறியோடு சேர்த்துத் தூக்கிக்கொள்கிற மாதிரி படகு செய்து பார்த்தது. அதை வடிவமைத்த குல்பிராண்ட்சனும் ஒரு நார்வேக்காரர்தான்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. இலங்கையில் 1958-லிருந்து இயந்திரப் படகுகள் வந்தன. 28 அடி நீளம், மூன்றரை டன், உள்ளே டீசல் எஞ்சின். வடக்கே மயிலிட்டி அதில் பேர் போன துறை. 1990-ல் அந்த ஊர் மக்கள் போரால் இடம்பெயர்ந்தார்கள். துறைமுகம் அவர்களிடம் திரும்பி வந்தது 2017 ஜூலையில். இருபத்தேழு வருஷம். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு நான் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

லாரி எஞ்சின் கடலுக்குப் போன கதை

எங்க அப்பா 1987-ல் வங்கிக் கடனில் ஒரு போட் வாங்கினார். உள்ளே இருந்தது அசோக் லேலண்ட் 370. ஆறு சிலிண்டர். 370 என்பது சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு, கன அங்குலத்தில். லிட்டரில் சொன்னால் ஆறு. எண்ணூரில் இருந்து வந்த அதே குடும்பத்து எஞ்சின்தான் தமிழ்நாட்டு லாரிகளையும் பஸ்களையும் ஓட்டியது. அதனால் ஒரு பெரிய சௌகரியம், உதிரிபாகம் ராமநாதபுரத்திலும் மதுரையிலும் கிடைக்கும். வெளிநாட்டு எஞ்சின் என்றால் ஒரு ரிங் உடைந்தாலும் கப்பல் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

ஆனால் லாரி எஞ்சின் படகு எஞ்சின் ஆக மூன்று மாற்றம் வேண்டும்.

ஒன்று, குளிர்ச்சி. லாரிக்கு எதிர்க்காற்று உண்டு, ரேடியேட்டர் போதும். படகின் அடித்தட்டில் காற்று ஏது? அதனால் கடல் தண்ணீரைப் பம்பு வைத்து இழுத்து, எஞ்சினைச் சுற்றிவரும் நல்ல தண்ணீரைக் குளிர வைக்கிறார்கள். சில எஞ்சின்களில் கடல் தண்ணீரே நேராக உள்ளே சுற்றிவிட்டு வெளியே போகும்.

இரண்டு, கியர். படகுக்கு நாலைந்து கியர் தேவையில்லை. முன்னே, பின்னே, நடுவே, அவ்வளவுதான். எஞ்சின் வேகத்தைக் குறைத்து விசிறிக்குக் கொடுக்க வேண்டும். வேகமாகச் சுற்றும் சின்ன விசிறியை விட நிதானமாகச் சுற்றும் பெரிய விசிறிதான் மடி இழுக்கும்.

மூன்று, உப்பு. இரண்டு வேறு உலோகங்கள் உப்புத் தண்ணீரில் இருந்தால் அது ஒரு பேட்டரி. ஒன்று இன்னொன்றை அரித்துத் தின்னும். அதற்குப் பலியாக ஒரு துத்தநாகக் கட்டியை வைப்பார்கள். அரிப்பு முதலில் அதைத் தின்னும், எஞ்சின் தப்பிக்கும். கட்டி கரைந்ததைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த பலி எஞ்சின்.

1992 நவம்பர்

அந்த நவம்பர் நடுவில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு புயல் கரையைக் கடந்தது. பாம்பனில் நங்கூரம் போட்டிருந்த எங்க போட் பக்கத்துப் போட்டோடு மோதி, பலகை விட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. எஞ்சின் முழுக்கத் தண்ணீருக்குள். கடன் பாதிதான் அடைந்திருந்தது. எனக்கு அப்போது பதினொரு வயசு. அப்பா திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அம்மாவின் தம்பி, எங்க மாமா, எஞ்சின் வேலை தெரிந்தவர். அரசாங்கத்தின் மீனவர் பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு வந்தவர். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மச்சான், தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது. வெளிய எடுத்ததும் காத்து படும் பாருங்க, அப்பத்தான் துரு ஓடும். எடுத்த அன்னிக்கே பிரிக்கணும். எல்லாம் தயார் பண்ணிட்டு எடுப்போம்."

எடுப்பதற்குப் பெரிய வள்ளம் இரண்டு வேண்டும். வற்றத்தில் போட்டுக்கு அடியில் கயிறு கொடுத்து இரண்டு பக்கமும் வள்ளத்தில் கட்டிவிட்டால், பெருக்கில் வள்ளம் எழும்போது போட்டும் கூடவே எழும். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு நகர்த்தணும். பெரிய வள்ளம் இருந்தது எங்க பெரியப்பாவிடம். அவரோ அப்பாவிடம் மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. 1989-ல் இழுவை மடி போட்ட ஒரு விசைப்படகு பெரியப்பாவின் வலையை அறுத்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. அது எங்க போட் இல்லை. ஆனால் எங்க போட்டும் அதே மடியைத்தான் இழுத்தது. "உங்க எஞ்சின் கடலோட அடிவயித்தைச் சுரண்டுதுடா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர், அதற்குப் பிறகு எங்க வீட்டுப் படி ஏறவில்லை.

யார் போய்க் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மாவாகத்தான் இருக்கும். மறுநாள் விடிகாலையில் பெரியப்பாவின் வள்ளமும் அவர் பங்காளி வள்ளமும் வந்து நின்றன. மூன்று பெருக்கு பார்த்து போட்டைக் கரை சேர்த்தார்கள். பனந்தடி மூன்றை முக்காலியாக நட்டு, செயின் பிளாக் போட்டு எஞ்சினைத் தூக்கினார்கள். கியரோடு அரை டன்னுக்கு மேல் இருக்கும். பட்டறைக்குக் கொண்டு போக வாடகையும் இல்லை, பட்டறைக் கூலிக்கும் வழியில்லை. மாட்டு வண்டியில் ஏற்றி எங்க வீட்டுப் பூவரச மரத்தடிக்குக் கொண்டு வந்துவிட்டார்கள்.

முதலில் உப்பைக் கழுவ வேண்டும், அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். பாம்பனில் நல்ல தண்ணீர் என்றால் என்ன விலை என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அம்மா தூரத்து ஊற்றிலிருந்து இடுப்பில் சுமந்து வந்து வைத்திருந்த குடங்களை ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து கொடுத்தார். ஏழு குடம். அன்றைக்கு எங்க வீட்டுக் குடிதண்ணீரை எஞ்சின்தான் குடித்தது. கழுவியதும் உள்ளே டீசலை ஊற்றி, இஞ்செக்டர்களைக் கழற்றிவிட்டு, ஃபிளைவீலில் கடப்பாரை கொடுத்து மெதுவாகச் சுற்றினார் மாமா. ஆறு துளையிலிருந்தும் தண்ணீரும் டீசலும் பீச்சியடித்தது. "சுத்துது மச்சான், பிழைச்சுக்கும்" என்றார்.

அப்புறம் பிரிக்க ஆரம்பித்தார்கள். பழைய பாய்த் துணியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றும் வைக்கப்பட்டது. நட்டு, போல்ட்டு, வாஷருக்கெல்லாம் கொட்டாங்குச்சி. நாற்பது கொட்டாங்குச்சிக்கு மேல் இருக்கும். மாமா என்னைக் கூப்பிட்டு ஒரு எண்பது பக்க நோட்டைக் கையில் கொடுத்தார். "மருமகனே, எந்தச் செரட்டையில என்ன இருக்குன்னு எழுது. ஒண்ணு தப்புனாலும் எஞ்சின் நடுக்கடல்ல நிக்கும்."

இன்றைக்கு லட்சக்கணக்கில் கணக்குப் பார்க்கிறேன். என் முதல் லெட்ஜர் அந்த நோட்டுதான்.

கனெக்டிங் ராடும் அதன் மூடியும் ஜோடி மாறக்கூடாது. அதனால் ஒவ்வொன்றிலும் உளியால் கோடு போட்டு வைத்தார்: ஒன்று, இரண்டு, ஆறு வரை. கிராங்க் ஷாஃப்டில் கீறல் இருந்தது. அதை மட்டும் மதுரைக்கு அனுப்பிச் சாணை பிடித்தார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பட்டறை பாஷையில் 'தௌ' என்று பேர். பத்து தௌ தேய்த்தால் அதற்கேற்றபடி பத்து தௌ தடித்த பேரிங் போட வேண்டும். டீசல் பம்பை மாமா தொடவே இல்லை. "இது வீட்டுல பிரிக்கிற சாமான் இல்ல" என்று அதையும் மதுரைக்கே அனுப்பினார். எதைத் தொடக்கூடாது என்று தெரிவதும் தொழில்தான்.

எனக்குக் கிடைத்த வேலை வால்வு தேய்ப்பது. சிலிண்டருக்கு இரண்டு, மொத்தம் பன்னிரண்டு வால்வு. சீட்டில் பசையைத் தடவி, குச்சியைப் பிடித்து, தயிர் கடைகிற மாதிரி இரண்டு உள்ளங்கையாலும் முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். பளபளப்பு போய்ச் சீராகச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தால் சரி. பிறகு மேலே மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போவோம். வந்து பார்க்கும்போது சொட்டுக்கூடக் கசிந்திருக்கக் கூடாது. நான் தேய்த்ததில் நாலு கசிந்தது. திரும்பத் தேய்த்தேன்.

இந்த நேரத்தில்தான் கடன் கொடுத்த வங்கியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். தவணை நின்றால் சொத்தைப் பார்வையிட வேண்டும், அது விதி. முழுக்கைச் சட்டை, கையில் ஃபைல். "எஞ்சின் எங்கே?" என்று கேட்டார். அப்பா மரத்தடியைக் காட்டினார். நாற்பது கொட்டாங்குச்சி, பாய்த் துணியில் ஆறு பிஸ்டன், எண்ணெய்க் கையோடு ஒரு பையன். அந்த மனுஷன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"ஓடுமா?" என்று கேட்டார்.

"ஓட வெச்சிருவேன் சார்" என்றார் மாமா.

அவர் என் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். டீ குடித்தார். "சொத்து பழுதுபார்ப்பில் உள்ளது, இருப்பு சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக்கொண்டு போனார். இரண்டு மாதம் யாரும் வந்து கேட்கவில்லை. பின்னாளில் நான் பி.காம். சேர்ந்ததற்கும் வங்கித் தேர்வு எழுதியதற்கும் அந்த முழுக்கைச் சட்டை ஒரு காரணம்.

ஹெட்டை மாட்டி, நடு போல்ட்டிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று சுற்று முறுக்கினார்கள். ஓரத்திலிருந்து முறுக்கினால் ஹெட் வளைந்து கேஸ்கட் விட்டுவிடும். டீசல் குழாயில் இருந்த காற்றை எடுத்தார்கள். லாரியிலிருந்து இரவல் வாங்கிய பேட்டரி. முதல் முறை இல்லை. இரண்டாவது முறை ஓர் இருமல். மூன்றாவது முறை வெள்ளைப் புகை, கறுப்புப் புகை, அப்புறம் தெருவே வாசலுக்கு வருகிற மாதிரி ஒரு சத்தம். மாமா ஒரு நீளத் திருப்புளியின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து ஒவ்வொரு சிலிண்டராகக் கேட்டார். டாக்டர் மாதிரி.

போட்டில் திரும்ப ஏற்றியபோது இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். எஞ்சினையும் விசிறித் தண்டையும் நேர்கோட்டில் இணைப்பதைக் கரையில் வைத்து முடிக்கக் கூடாது. படகு தண்ணீரில் இறங்கினால் அதன் உடம்பு கொஞ்சம் மாறும். மிதக்கவிட்ட பிறகுதான் இடைவெளியை நாலு பக்கமும் அளந்து கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். தை மாதம் போட் கடலுக்குப் போனது. பெரியப்பா கரையில் நின்று பார்த்தார்.

வரவும் செலவும்

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் கணக்கில் பற்று என்று ஒரு பக்கமும் இருக்கிறது.

நார்வே திட்டம் ஆரம்பித்தபோது நோக்கம் மீனவனின் வருமானமும் உள்ளூர்க்காரன் தட்டில் மீனும். நடந்தது வேறு. உறைய வைத்த இறாலுக்கு அமெரிக்காவில் நல்ல விலை கிடைத்ததும், எஞ்சின் வைத்த படகுகள் எல்லாம் இறாலைத் தேடி அடிக்கடலை வாரும் இழுவை மடிக்கு மாறின. கேரளத்தில் இது எப்படி நடந்தது என்று பொருளாதார ஆய்வாளர் ஜான் குரியன் 1985-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் 1970களில் கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் பெரிய சண்டைகள் நடந்தன. 1983-ல் சட்டம் வந்தது: கரையிலிருந்து மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு, விசைப்படகு அதைத் தாண்டித்தான் பிடிக்க வேண்டும். எங்க பக்கம் கடலையே கிழமை போட்டுப் பிரித்தார்கள், வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு.

அன்றைக்குப் பெரியப்பா தன் தம்பியைப் பார்த்துச் சொன்னதைத்தான் இன்று யாழ்ப்பாணத்து மீனவர் நம் படகுகளைப் பார்த்துச் சொல்கிறார். அவர் வலையையும் நம் மடி அறுக்கிறது. போர் முடிந்து கடலுக்கு வந்தவருக்கு இது தாங்கக்கூடிய நஷ்டமா? இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. நம் பக்கத்து மீனவர் சிறைப்படுவதும் படகு பறிபோவதும் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது, என் சொந்தக்காரர்களும் அதில் உண்டு. ஆனால் பெரியப்பாவின் குரல் காதில் இருப்பதால் ஒரு பக்கம் மட்டும் பேச என்னால் முடிவதில்லை.

அப்பாவும் பெரியப்பாவும் பேச ஆரம்பித்தார்கள். ஆனால் அப்பா மடியை விடவில்லை. தவணை அவரை விடவில்லை. 1995-ல் கடன் அடைந்தது. அந்தப் பணத்தில்தான் நானும் என் தங்கையும் படித்தோம். அதை மறைத்துப் பேசினால் அது பொய்க் கணக்கு.

2017-ல் ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து ஒரு திட்டம் கொண்டு வந்தன. பாக் நீரிணையில் இழுவைப் படகை விட்டுவிட்டு ஆழ்கடல் தூண்டில் படகுக்கு மாற வேண்டும். படகு விலை 80 லட்சம். அதில் 50 சதவீதம் மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் மீனவர் பங்கு. மூன்று வருஷத்தில் 2000 படகு என்பது இலக்கு. இலக்கில் சின்னப் பகுதிதான் நிறைவேறியது. காகிதத்தில் நல்ல கணக்குதான். ஆனால் அன்றன்று போய்த் திரும்பிப் பழகியவன், வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்க வேண்டும், எட்டு லட்சம் கைக்காசு போட வேண்டும், மேலே பதினாறு லட்சம் கடனும் கட்ட வேண்டும். எங்க சித்தப்பா மகன் இதைப் பற்றி என்னிடம் போனில் கேட்டான். அதிகாரியாகப் "போடு" என்று சொல்ல வாய் வந்தது. அண்ணனாக "யோசி" என்றேன்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு

2001-லிருந்து தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. முதலில் 45 நாளாக இருந்தது இப்போது 61 நாள், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நம் பிள்ளைகளின் கோடை விடுமுறையும் அப்போதுதான். போட்டெல்லாம் கரையில் ஏறியிருக்கும். பலகைக்குப் பஞ்சு அடைப்பார்கள், வர்ணம் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். ராமேஸ்வரம் கோவிலுக்கோ நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ போகிறவர்கள் ஒரு மணி நேரம் துறைமுகம் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். இன்றைய லாரி எஞ்சின்களில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, மரத்தடியில் பிரிக்கிற காலம் இன்னும் எத்தனை நாளோ.

போன வருஷம் என் மகளை மாமாவிடம் கூட்டிப் போனேன். எழுபது தாண்டிவிட்டது, கை நடுங்குகிறது. இப்போது யாராவது எஞ்சினை ஓடவிட்டுப் போனைப் பக்கத்தில் பிடித்தால் அவர் காதால் கேட்டு, "மூணாவது நாசில் அடைச்சிருக்கு பாரு" என்கிறார். மகள் கையில் ஒரு வால்வையும் குச்சியையும் கொடுத்தார். அவள் உருட்டியது என்னை விட நன்றாகவே இருந்தது.

அந்த எண்பது பக்க நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எண்ணெய்க் கறை, கோணல் எழுத்து. கடைசிப் பக்கத்தில் "மீதி: வாஷர் 3" என்று இருக்கும். எல்லாம் பூட்டி, எஞ்சின் ஓடின பிறகும் ஒரு கொட்டாங்குச்சியில் மூன்று வாஷர் மிச்சம் கிடந்தது. பதறிப்போய் மாமாவிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "அது கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்டது மருமகனே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அதில் ஒரு வாஷர் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அந்தக் கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை. போட் மட்டும் அதற்குப் பிறகு பதினாறு வருஷம் ஓடியது.